வராத பாதி

போன வருஷம் என் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து மகளுக்கு வைத்தார்கள். இந்த வருஷம் குற்றாலச் சாரல் தொடங்கிய வாரம் அவளுக்குக் கால் வீங்கியது. காலையில் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. திருநெல்வேலிக்கு ஓடினோம். வைத்த சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இவ உடம்பு உங்க கிட்னியை ஒத்துக்கிட மாட்டேங்குது" என்றார்.

"மாத்திரை ஒரு வேளைகூட விடலையே, டாக்டர்."

"தப்பு உங்க மேல இல்லம்மா. ஹெல்பர்னு ஒரு வகை செல் இருக்கு. அது நேரா போய் அடிக்காது. வெளியாள் வந்திருக்கான்னு கூப்பாடு போடும். அதைக் கேட்டு, கொல்லுற செல்லெல்லாம் பெருகி வந்து கிட்னிக்குள்ள இறங்கும். 'போதும், விடு'ன்னு அடக்குற வகையும் உண்டு. இப்போ அதோட பேச்சு எடுபடலை. மாத்திரை அந்தக் கூப்பாட்டைத்தான் அமுக்குது. சில சமயம் அதையும் மீறிடும்."

"வெளியாளா? நான் பெத்த தாய்."

"உங்ககிட்ட இருக்கிறதுல பாதிதான் அவளுக்கு வந்திருக்கு. வராத பாதியைத்தான் வெளியாள்னு பாக்குது."

அவள் என் வயிற்றில் இருந்தபோது, அவள் அப்பாவின் பாதி எனக்கு வெளியாள்தானே என்று கேட்டேன். அப்போது அந்த அடக்குகிற செல்கள் பெருகி நின்று காவல் காத்திருக்கும் என்றார். என் உடம்பு அவளைப் பொறுத்துக்கொண்டது. அவள் உடம்பு என்னைப் பொறுக்கவில்லை. கோபப்படவும் ஆளில்லை.

ஊசிமருந்து ஏற்றித் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து அவளது எதிர்ப்பு சக்தியை இன்னும் இறக்கியிருந்தது. கூட்டத்துக்குள் போகக் கூடாது, யாருக்காவது சளி இருந்தால் பக்கத்தில் விடக் கூடாது. வெளியே ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

இலத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"ஏட்டி, குத்தாலத்துல தெரிஞ்ச கடையில வாங்குனது. கசாயம் போட்டுக் குடு. எதிர்ப்பு சக்தி சும்மா கிண்ணுனு ஏறும். கொரோனாவுல எங்க வீடே இதைத்தான் குடிச்சுது."

மகள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். "அத்தை, எனக்கு சக்தி கூடிப்போய்த்தான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நீங்க இன்னும் கூட்டப் பாக்குதியளே!"

"போட்டி, வாயாடி. சக்தி கூடி எவளாவது படுப்பாளா?"

"வேண்டாம் மைனி," என்றேன். "இவளுக்கு இது ஆகாது. எடுத்துட்டுப் போயிருங்க."

"நான் என்ன வெசமா குடுக்கேன்?"

எப்படிச் சொல்வது? அவளுக்கு நல்லதாகத் தெரிவதெல்லாம் இவளுக்கு ஆகாது என்பதை விளக்க எனக்குத் தெம்பில்லை. காபியைக்கூடக் குடிக்காமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கைகூப்பியதும், 'என் பிள்ளைக்கு சக்தி குடு' என்று பழக்கத்தில் வாய் வரை வந்துவிட்டது. பயந்துபோய் விழுங்கினேன். கொடுக்காதே என்று சாமியிடம் எப்படிக் கேட்பது? திருநீறு வாங்காமலே திரும்பினேன்.

மகள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். "எம்மா, அமுக்கிப் பாக்கப் போறியா?"

அமுக்கினேன். குழி விழுந்தது. முன்பைவிட ஆழம் குறைவு என்று எனக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?"

"வத்திக்கிட்டுதான் வருது" என்றேன். விரலை எடுத்த இடம் மேலெழும்புவதற்காக இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.