என் ஆள் மட்டும் மலையில்

மகன் கரங்கானில் புது வீடு வாங்கியிருக்கிறான். நாங்கள் இருவரும் மெர்போக் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்பது அவன் விருப்பம். போன மாதம் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டான். உங்கள் அம்மாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது, நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது என் மனைவி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் ஜெராய் மலை மறைந்துவிட்டது. கிளம்ப முடியாமல் போனதால் மருமகள் காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து மேசையில் பலகையை விரித்தாள். அதில் ஒரு பனிமலை, ஆளுக்கொரு மரப்பொம்மை. நான்கு பேரும் உச்சியிலிருந்து அடிவாரக் குடிலுக்கு இறங்கிவிட வேண்டும். முறைக்கு ஓர் அட்டை எடுத்து, தன் பொம்மையை நகர்த்த வேண்டும். ஒன்பதாவது புயல் அட்டை வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அப்போது ஒருவர் மலையில் நின்றாலும் நான்கு பேருக்கும் தோல்வி.

யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாத ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அட்டைகளை எண்ணலாம். நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கோயிலில் பிரசங்கம் நீண்டால் மின்விசிறிகளை எண்ணுவேன். முடிந்தால் அவற்றின் இறக்கைகளை. எத்தனை புயல் போயிற்று, அட்டைக்கட்டில் எத்தனை மிச்சம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. மகனை இடப்பக்கம் இறங்கச் சொன்னேன். மருமகளை நிற்கச் சொன்னேன். மனைவி யோசிக்கத் தொடங்குமுன் அவளுடைய மஞ்சள் பொம்மையை நானே எடுத்து வைத்தேன். இரண்டு புயல் மிச்சமிருக்க நால்வரும் குடிலுக்கு வந்துவிட்டோம்.

ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஜெயிச்சது நீங்க, மாமா. நாங்க பெரட்டுல நின்னோம், அவ்வளவுதான் லா," என்றாள் மருமகள்.

மகன் சிரித்தான். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அதை நான் எடுத்ததை அவன் சிறு வயதில் பார்த்திருக்கிறான்.

மருமகள் விதிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள். அடுத்தவர் பொம்மையைத் தொடக்கூடாது. கேட்டால் மட்டுமே யோசனை சொல்லலாம். சொந்தமாகச் சேர்க்கிறாளோ என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

மறுபடி ஆடினோம். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். நடுவழியில் மகனின் பொம்மை பனிப்பிளவில் விழுந்தது. இன்னொருவர் பக்கத்தில் போனால்தான் அது ஏற முடியும். என் கணக்குப்படி அவன் அருகில் போக வேண்டியது மருமகள். மனைவி கீழே ஓட வேண்டும். அவளோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனிடம் ஏதோ கேட்டாள், மருமகளிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பிறகு மஞ்சள் பொம்மையை மேலே, மகனை நோக்கி நகர்த்தினாள். ஆறு புயல் போயாயிற்று. வாயைத் திறந்தேன். மருமகள் விதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

மகன் மேலே ஏறினான். தாயும் பிள்ளையும் சேர்ந்து இறங்கினார்கள். மருமகள் அவர்களுக்கு முன்னால் குடிலை அடைந்திருந்தாள். இவர்கள் இருவரும் உள்ளே வந்ததும் ஒன்பதாவது புயல் விழுந்தது.

தோற்றுவிட்டோம். குடிலுக்கு இரண்டு கட்டம் மேலே ஒரு பச்சைப் பொம்மை நின்றது. யாருடையது அது என்று நான்தான் கேட்டேன்.

"உங்களோடதுதான்," என்றாள் மனைவி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மற்றவர்களின் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் முறை வந்தபோது பல தடவை அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, நகர்த்தாமலே விட்டிருக்கிறேன். எத்தனை முறை என்று இன்றுவரை கணக்குத் தெரியவில்லை. அது என்னை உறுத்துகிறது.

அவள் சிரித்து முடிக்கும்வரை மகன் காத்திருந்தான்.

"அம்மா, கரங்கான் வீடு ஒங்களுக்கு ஒத்துவராதுன்னு அப்பா சொன்னாரு. அப்படியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொம்மைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"யாரு எங்கிட்ட கேட்டா? ஒரு மாசம் வந்து இருந்து பாக்குறேன்."

"அப்பா?"

"அத அவருகிட்ட கேளு. அவருக்காக நான் எப்படிப் பதில் சொல்றது?"

மகன் என் பக்கம் திரும்பினான். மழை விட்டுவிட்டது, சாலையில் தண்ணீர் ஏறுமுன் கிளம்புங்கள் என்று சொல்லி எழுந்துகொண்டேன். மழை விடவில்லை.

நாளைக் காலை அவளை அழைத்துப்போக வருகிறார்கள். அவள் பை கட்டிவிட்டாள். மாத்திரை எடுத்தாயா, குடை எடுத்தாயா என்று நான் கேட்கக் கேட்க, எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்கிறாள். அலமாரிக்கு மேலே இருந்த இன்னொரு பையை இறக்கித் துடைத்து, அவள் கண்ணில் படும்படி நாற்காலியில் வைத்திருக்கிறேன். கேட்டால் சொல்லலாம் என்றுதான்.

அந்தப் பக்கமாக நான்கு முறை போய்விட்டாள். இன்னும் கேட்கவில்லை.