சியெனாவில் ஒரு நீலக் கார்

அமலராணிக்கு டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மறதி நோய் வந்தவர்கள் இருக்கும் பகுதியைத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார். யார் எப்போது பயப்படுவார், யார் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவார் என்பது அவருக்கு அத்துபடி. அதனால் தன் கணவர் பேனாட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் வீட்டில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். கண்டும் ஒரு வருடமாக வாய் திறக்கவில்லை.

பேனாட் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுவதென்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு ஆவணியும் ஜேர்மனியில் கெவலார் மாதா திருவிழாவுக்கு வான் வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழி கேளாமலே போய் வருவார். அமலராணி ஓட்டப் பழகவே இல்லை. பஸ் ஓடத் தொடங்குமுன்னே அவருடைய வேலை தொடங்கிவிடும். விடியற்காலையில் பேனாட்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவார். டொக்டரிடம் போனால் முதலில் ஓட்டுநர் உரிமத்தைத்தான் பறிப்பார்கள். கார் இல்லாத பேனாட்டை அமலராணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூடவே, நான் எப்படி வேலைக்குப் போவேன் என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வி வந்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

மகள் தனுசியா ஓகூஸ் நகரில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை செய்கிறாள். இந்த வைகாசியில் பெற்றோரை இத்தாலிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு நாள் சியெனா. நகருக்குள் வெளியார் கார்கள் போக முடியாது. மதிலுக்கு வெளியே வாடகைக் காரை நிறுத்திவிட்டு மேலே ஏறினார்கள்.

காலை நன்றாகத்தான் போனது. பேராலயத்தின் கறுப்பும் வெள்ளையுமான தூண்களைப் பேனாட் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். புனித சாமிநாதர் தேவாலயத்தில் புனித கத்தரீனம்மாளின் பதப்படுத்தப்பட்ட தலையைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். தன் தாயாருக்கும் கத்தரீனம்மா என்றுதான் பெயர் என்று மகளுக்குச் சொன்னார். தனுசியா டேனிஷில் ஏதோ பகிடி விட்டாள். அவரும் சிரித்தார். அமலராணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மத்தியானம் பெரிய சதுக்கத்தின் ஓரத்தில் கோப்பி குடிக்க உட்கார்ந்தார்கள்.

"பாத்ரூம் போட்டு வாறன்," என்று பேனாட் எழும்பினார்.

துணைக்குப் போகவேண்டும் என்று அமலராணிக்குத் தோன்றியது. மகள் ஏன் என்று கேட்பாளே என்று இருந்துவிட்டார்.

பேனாட் திரும்பி வரவில்லை. அவருடைய போன் மேசையில் கிடந்தது. கடைக்குள் தேடினார்கள், சதுக்கம் முழுக்கத் தேடினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மண்ணிறச் சுவர், ஒரே மாதிரி ஒடுங்கிய தெரு.

"அப்பாக்கு வழி பிழைக்காதே அம்மா," என்றாள் தனுசியா.

அமலராணி நடுத்தெருவில் நின்றுவிட்டார். "பிழைக்கும் பிள்ளை. அப்பாக்கு இப்ப எல்லாம் மறந்து போகுது. எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"போன வருசம். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ரவுண்டெபவுட்டிலை காரை நிப்பாட்டிப்போட்டு எந்தப் பக்கம் எண்டு கேட்டவர்."

தனுசியா அம்மாவை யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீங்க அதே வேலைதானே செய்றீங்க?" என்றாள். பிறகு டேனிஷுக்கு மாறிவிட்டாள். அப்பா ஓட்டிய காரில் தன் மகனும்தானே போய் வந்தான் என்று கேட்டாள்.

"காரடிக்குப் போவம்," என்றார் அமலராணி. இல்லத்தில் வெளியே போய்விடுகிறவர்கள் பெரும்பாலும் பழகிய ஒன்றைத் தேடித்தான் போவார்கள்.

அங்கேதான் நின்றார் பேனாட். வீட்டில் நிற்கும் தங்கள் காரைப் போலவே இருந்த, யாருடையதோ ஒரு நீலக் காரின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். காருக்குச் சொந்தக்காரி, நடுத்தர வயதுப் பெண், பக்கத்தில் நின்று இத்தாலிய மொழியில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தண்ணீர்ப் போத்தல்கூடக் கொடுத்திருந்தாள்.

மனைவியைக் கண்டதும் பேனாட்டுக்குக் கோபம் வந்தது. "எங்கை போனனீர்? வேலைக்குப் பிந்தப் போகுது. கார்த் திறப்பையும் காணேல்லை."

"இண்டைக்கு எனக்கு லீவு," என்றார் அமலராணி. இல்லத்தில் பேசும் அதே குரல், தணிந்து, அவசரமில்லாமல். கைப்பிடியிலிருந்து பேனாட்டின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தனுசியா அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போய், சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள்.

திரும்பும் வழியில் தனுசியா காரை ஓட்டினாள். பேனாட் பின் இருக்கையில் மனைவியோடு இருந்தார். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், முகம் தெளிந்து அமலராணியின் பக்கம் திரும்பினார்.

"உம்மடை இல்லத்திலை இருக்கிற ஆக்களைப் பாக்கிற மாதிரி என்னைப் பாக்காதையும், அமலா."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அமலராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் டொக்டரிடம் போனார்கள். பரிசோதனைகள் நடந்தன, உரிமம் போயிற்று. அன்று பேனாட் சாப்பிடவில்லை. தனுசியா சில வாரங்கள் அம்மாவோடு அளந்துதான் பேசினாள். பிறகு சனிக்கிழமைகளில் மகனையும் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

ஐம்பத்தாறு வயதில் அமலராணி ஓட்டப் பழகினார். அதுவரை மழையிலும் காற்றிலும் சைக்கிளில் வேலைக்குப் போனார். முதல் முறை சோதனையில் தவறிவிட்டார். அடுத்த முறை சித்தியடைந்தார்.

பேனாட்டை இனி வீட்டில் தனியாக விட முடியாது என்பதால், வேலை நேரத்தைப் பிந்தி மாற்றிக்கொண்டு, முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அவரை இறக்கிவிட்டுத்தான் இப்போது வேலைக்குப் போகிறார். காலையில் பேனாட் முந்திக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அமலராணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இறங்கச் சொல்வதில்லை. சில நாள் அவர் தானாகவே நகர்ந்து அடுத்த இருக்கைக்குப் போவார். சில நாள் இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அமலராணி அங்கேயே நின்றபடி, வரப் பிந்தும் என்று வேலையிடத்துக்குப் போன் எடுப்பார்.