பதினேழால் பிரிந்த எண்

பச்சைப் பெயின்ற்றும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் எங்கே எழுந்தாலும் ஒட்டுசுட்டானின் அந்தக் காலை எனக்குள் வந்துவிடுகிறது. அன்றைய திடுக்கிடலும் கூடவே வருகிறது.

களவு போய்க் காட்டுக்குள் அகப்பட்ட ஐந்து தண்ணீர் இறைக்கும் மெசின்களை, விவசாயிகளுக்கான கமக்காரர் சங்க வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஐந்தும் பச்சை. சங்கக் கட்டடத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்றை, துருப்பிடிக்காது என்று ஊரே தன் மெசின்களுக்குப் பூசியிருந்தது. எது யாருடையது? எஞ்சின் நம்பரைச் சொன்னால் தருவேன், சொல்லாவிட்டால் பின்னேரம் பொலிசுக்குத் திரும்பிப் போகும் என்றார் செயலாளர். நம்பர்களைக் குறித்த கொப்பி அவர் மடியில் மூடிக் கிடந்தது.

என் பக்கத்துத் தோட்டக்காரரோடு போயிருந்தேன். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டியவர்களின் பிள்ளை. அவருடைய மிளகாய்க் கன்றுகள் தண்ணீரில்லாமல் தலை தொங்கி நின்றன. மெசின் வாங்கிய பில் இல்லை. கறையான் அரிக்காதென்று நெல்மூட்டைக்குள் வைத்திருந்தார். சுவரை இடித்த யானை மூட்டையோடு இழுத்துப் போய்விட்டது.

"நம்பர் ஞாபகமில்லீங்க. ஆனா எடுத்திடலாம்."

"மெசினிட்டக் கேக்கப் போறீரோ?" என்றார் செயலாளர்.

தோட்டக்காரர் கரித்துண்டோடு சீமெந்துத் தரையில் குந்தினார். "வாங்கினப்ப மகளுக்குப் பதினேழு வயசு. விளையாட்டா நம்பரைப் பதினேழால பெருக்கினேன். முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு, நடுவுல பூராச் சைபர். அது மறக்குமாங்க?"

ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஆறு சைபர் போட்டுப் பதினேழால் பிரித்துக்கொண்டே போனார். மிச்சம் ஆறு.

"இஞ்ச அஞ்சு மெசின்தானே ஐசே, ஆறாவதை எங்க தேடுறது?" என்று சிரித்தார் செயலாளர்.

நான் பக்கத்தில் குந்தி விடையின் இலக்கங்களை எண்ணினேன். "தம்பி, மெசினில எத்தினை இலக்கம்?"

"ஏழுங்க."

"உமக்கு விடையில ஆறு இலக்கந்தானே வந்திருக்கு. ஒரு சைபரை விட்டிட்டீர்."

ஏழு சைபர் போட்டு மறுபடி பிரித்தார். மிச்சமே இல்லை. 5882353.

செயலாளர் கொப்பியைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எழுந்து போய் மூன்றாவது மெசினின் புகைக்கரியைத் தன் சாரத்தின் நுனியால் துடைத்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். அதே ஏழு இலக்கம்.

"இன்னொண்ணு இருக்குங்க. ரெண்டா வெட்டுங்க. 588, 2353. தனித்தனியா தன்னாலேயே பெருக்கிக் கூட்டிப் பாருங்க."

செயலாளர் கைபேசியில் தட்டினார். 345744. 5536609. கூட்டினார். அழித்துவிட்டுத் திரும்பவும் கூட்டினார்.

5882353.

வெட்டுண்ட பாம்பு ஒட்டிக்கொண்டு எழுந்து எங்களைப் பார்த்ததுபோல் இருந்தது. ஏதோ ஆலையில் வரிசைப்படி குத்திய எண். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இத்தனை நாளும் அது கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது!

"கொண்டு போம் ஐசே," என்றார் செயலாளர், மெசினைத் தொடாமல்.

சந்தியில் பிரியும்போதும் என் படபடப்பு அடங்கவில்லை. தோட்டக்காரர் சைக்கிள் கரியரில் மெசினை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இனியாவது நம்பரை ஒரு கடதாசியில எழுதி வையும்."

"எழுதி வச்சதத்தானே அண்ணே யானை கொண்டு போச்சு."