அம்மா விடாத பாவம்

அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். சாகக் கிடந்த அம்மா, அவள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த மாதா கோயில் சாமியார், நான், என் வீட்டுக்காரர், அம்மாவின் தம்பி. சாமியாரை வடக்கனந்தலிலிருந்து மலைக்குத் தன் வாடகை ஜீப்பில் ஏற்றி வந்தது அந்த மாமாதான்.

வேறு யாரும் கேட்கக் கூடாது என்ற முறைப்படி நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்குக் காது மந்தம். கத்திப் பேசியே பழகிவிட்டதால் வெளியே கேட்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவள் கத்தினாள், சாமியாரும் கத்த வேண்டியதாயிற்று. தகரக் கதவு எதை மறைக்கும்?

"எம் புள்ளைக்கு சாராயம் வித்தவன மன்னிக்க முடியல சாமி."

விற்றது மாமா. குடித்துச் செத்தது என் தம்பி. அதற்குப் பிறகு மாமா தொழிலை விட்டார், கோயிலில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார், மன்னிப்பும் வாங்கினார். இப்போது ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறார்.

"ஆண்டவரே அவன மன்னிச்சிட்டாரும்மா."

"அவரு மன்னிப்பாரு. அவரு புள்ள மூணாம் நாளு எழுந்து வந்துட்டாரே."

சாமியார் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்.

"மன்னிக்கணும்னு ஆசையாவது இருக்கா? அது போதும்மா."

"இல்ல சாமி. இருக்குன்னா அது வேற பொய்யி."

"தள்ளிப் போயி நிக்கலாம் வா" என்றார் வீட்டுக்காரர். நான் கதவோரமே நின்றேன். மாமா ஜீப் டயரையே பார்த்துக்கினு நின்றார். "பனி எறங்குது, ஜாஸ்தி நேரம் ஆவுது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அப்படின்னா பாவமன்னிப்பு தர முடியாதும்மா. அடுத்த வாரம் வர்றேன், யோசிச்சு வை" என்று உள்ளிருந்து கேட்டது.

அடுத்த வாரத்துக்குள் அம்மா போய்விட்டாள்.

எட்டாவதோடு நின்றவள் நான், எனக்கு இது பிடிபடவில்லை. விற்றவர் சுத்தமாகிவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பாவத்தோடு போனாள். சங்கீர்த்தனம் காதில் விழுந்தவர்களும் வெளியே சொல்லக் கூடாதாம். அப்படியானால் இதை எழுதுவதும் என் பாவத்தில் சேர்ந்துகொள்ளும். மோட்சத்திலா நரகத்திலா, அம்மா இப்போது எங்கே இருப்பாள் என்று தெரியவில்லை. ஜெபம் செய்தாலும் அந்தக் கத்தல்தான் கேட்கிறது.

அடக்கம் முடிந்து, சாமியாரை அழைத்து வந்த ஜீப் வாடகையை மாமாவிடம் நீட்டினேன்.

"அக்காவுக்கு ஓட்னதுக்குக் காசா? இதுலயாவது என்ன வுட்டுடு பாப்பா" என்றார் மாமா. கையை நீட்டவேயில்லை.

சரி என்று நானும் விட்டுவிட்டால், அம்மாவைத் தனியே விட்டு அவர் பக்கம் போய் நின்றது மாதிரி. கொடுக்கவும் வழியில்லை. அரிசிப் பானைக்குள் அப்படியே கிடக்கிறது, மாமாவுக்குத் தர வேண்டிய எண்ணூறு ரூபாய்.