நான் போட்ட கடைசி டைம்டேபிள்

கிழக்குத் தாம்பரத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் பதினோரு வருடம் டைம்டேபிள் போட்டது நான்தான். இருபத்தாறு செக்‌ஷன், நாற்பதுக்குச் சற்றுக் குறைவான டீச்சர்கள், ஒரே லேப், ஒரே மைதானம். ஒவ்வொரு மே மாதமும் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவேன். கைக்குழந்தை உள்ள டீச்சருக்கு முதல் பீரியட் கொடுக்கக் கூடாது. தமிழ் ஐயாவுக்கு முட்டி வலி, மூன்றாவது மாடி ஏற மாட்டார். பி.டி. மாஸ்டருக்கு மத்தியான வெயிலில் மைதானம் ஆகாது. இதெல்லாம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை, என் தலையில் இருந்தது. கம்ப்யூட்டரில் போடலாம் என்று ஒருமுறை ஒருவரை அழைத்து வந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் என்னிடமே சார்ட் பேப்பர் வந்தது.

என் மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள், எட்டு ஏ. காலை ஏழே முக்காலுக்கு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்புவோம். மேடவாக்கம் சிக்னலைத் தாண்டுவதற்குள் அவள் என் முதுகில் சாய்ந்தபடி அன்றைய டெஸ்ட்டை ஒப்பித்து முடித்திருப்பாள்.

அந்த வருடம் ஆகஸ்டில் என் கணவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து, அவர் முன்னால் போனார். எங்களை எப்போது அழைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். நம் ஊரில் ஜூனில் பள்ளி திறந்து ஏப்ரலில் முடிகிறது. அங்கே ஜனவரிக் கடைசியில் திறந்து டிசம்பரில் முடிகிறது. ஏப்ரல் பரீட்சையை முடித்துக்கொண்டு போனால், அங்கே முதல் பருவம் முடிந்து, பிள்ளைகளெல்லாம் ஒருவரோடு ஒருவர் சேர்ந்துவிட்டிருப்பார்கள். இவள் நடுவில் போய் நிற்க வேண்டும். டிசம்பரில் அரையாண்டு எழுதிவிட்டுக் கிளம்பினால் வருட ஆரம்பத்திலேயே எல்லோரோடும் உட்காரலாம். நாங்கள் இரண்டு நாட்டுக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து டிசம்பர் என்று முடிவு செய்தோம்.

"அப்போ பெரிய லீவு ஜனவரியிலயாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா. அங்க அப்போதான் வெயில் காலம்."

"அப்போ எனக்கு இந்த வருஷம் ஆனுவல் எக்ஸாமே கிடையாதா?" அன்று முழுவதும் அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ராஜினாமா கடிதத்தோடு பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால், கணக்கில் எம்.எஸ்ஸி. பட்டம் வாங்கியபோது கழுத்தில் பதக்கத்தோடு எடுத்த படம் மாட்டியிருக்கும். ஆனால் எட்டு வருடமாக அவர் கையில் சாக்பீஸ் பட்டதில்லை. அவர் பெயரில் வாரத்துக்கு நான்கு பீரியட் என்று டைம்டேபிளில் நானே எழுதுவேன். அதை வேறொரு டீச்சர் எடுப்பார். அதையும் நான்தான் ஒளித்து வைப்பேன்.

கடிதத்தைப் படித்தார். மகளுக்கு டி.சி. வேண்டும் என்றேன்.

"நடு வருஷத்துல டி.சி. குடுக்கற பழக்கம் இங்க இல்ல. ஏப்ரல்ல வாங்க."

"மேடம், அங்க ஜனவரி கடைசியில ஸ்கூல் தொறந்துடுவாங்க. ஏப்ரல்ல போனா அவ ஒரு டேர்ம் பின்னாடி இருப்பா."

"அது அந்த ஊர் காலண்டர். உங்க வீட்டுக்காரர் வேலைக்கு ஏத்த மாதிரி நான் ஸ்கூல் நடத்த முடியுமா? பதினோரு வருஷம் இங்க சாப்ட்டீங்க. கொஞ்சமாவது விசுவாசம் வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வெளியே வந்து குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். நவம்பரில் ஆண்டு விழா ஒத்திகை நடந்தது. என் மகள் முதல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள், இரண்டு மாதமாக. ஒருநாள் பிரின்சிபால் ஹாலுக்குள் வந்து, "போற பொண்ணு முன்னாடி எதுக்கு? இருக்கறவங்கள நிறுத்துங்க" என்றார். விழா அன்று என் மகள், ஆடப் போகிற பெண்களின் செருப்புகளையும் பைகளையும் மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "கால் வலிச்சுது, நல்லவேளை ஆடல" என்றாள். நான் நம்பியதுபோல் இருந்தேன்.

அரையாண்டுப் பரீட்சை ஆரம்பித்தது. முதல் நாள் எனக்கு மூன்றாவது மாடியில் சூப்பர்விஷன். தாள் கட்டை எடுத்துக்கொண்டு போகும்போது இரண்டாவது மாடி வராண்டாவில் ஒரு தனி பெஞ்ச் கிடந்தது, பாத்ரூம் கதவுக்கு எதிரில். அதில் என் மகள் உட்கார்ந்து தமிழ்ப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்குப் போகிற பிள்ளைகளெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"ஏன் இங்க?" என்றேன்.

"லிஸ்ட்ல என் பேரு இல்லியாம். மார்க் எண்ட்ரி பண்ண மாட்டாங்களாம். சும்மா எழுதுன்னு பிரின்சிபால் மேடம் சொன்னாங்க." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். காதுமடல் சிவந்திருந்தது.

நான் அவளை அந்த பெஞ்சிலிருந்து எழுப்பிக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டி.சி. இன்னும் கைக்கு வரவில்லை. தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். ஏழு பரீட்சையும் அவள் அங்கேயே எழுதினாள். நான் ஏழு நாளும் அவளைக் கடந்து போனேன். பிரின்சிபாலை நினைத்தால் இன்று எனக்கு வருகிற கோபத்தில் பாதி, அந்த ஏழு நாளும் படியேறிய என் மேல் வருகிற கோபம்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ஆயாம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். "மிஸ், உன்ன மேடம் கூப்டுகினு கீறாங்க. சீக்கிரம் போ."

பிரின்சிபால் கனிவாகப் பேசினார். "தேர்ட் டேர்ம் டைம்டேபிளப் போட்டுக் குடுத்துடுங்க. டி.சி.ல சைன் பண்ணிடறேன். உங்க இடத்துக்கு ஜூன்லதான் ஆள் எடுப்போம். அதுவரைக்கும் உங்க கிளாஸெல்லாம் இருக்கறவங்கள வெச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"அட்ஜஸ்ட் பண்ணிடறேன் மேடம்" என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னிடம் நான்கு செக்‌ஷன் இருந்தன. மூன்றை மற்ற கணக்கு டீச்சர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நான்காவது எட்டு சி. அந்தப் பள்ளியிலேயே அடங்காத வகுப்பு. ஐம்பத்திரண்டு பிள்ளைகள், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மத்தியானம் மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டும். எட்டு சி, கணக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட், திங்கள் முதல் வெள்ளி வரை. டீச்சர் என்ற கட்டத்தில் பிரின்சிபாலின் பெயரை எழுதினேன்.

எழுதுவது சுலபம். அதை யாரும் மாற்ற முடியாதபடி செய்வதுதான் வேலை. அந்த நேரத்தில் மற்ற எல்லாக் கணக்கு டீச்சர்களையும் வேறு வேறு வகுப்பில் நிறுத்தினேன். அவர்களில் ஒருவரை நகர்த்தினால் லேப் மோதும். லேபை நகர்த்தினால் மைதானம் மோதும். மைதானத்தை நகர்த்தினால் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் இடிக்கும். பதினோரு வருடம் மோதல் வராமல் பார்த்துக்கொண்டவளுக்கு, மோதல் எங்கெல்லாம் வரும் என்பது தெரியாதா? பல்லாவரம் சந்தையில் வாங்கிய பெட்டிகள் சுவரோரம் திறந்து கிடக்க, மூன்று பகல் அதே மேஜையில் உட்கார்ந்து போட்டேன். அவ்வளவு அழகான டைம்டேபிளை அதற்கு முன் நான் போட்டதே இல்லை.

பிரின்சிபால் வழக்கம்போலப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் டி.சி.யை நீட்டினார். படியில் இறங்கும்போது படித்தேன். நடத்தை என்ற இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'நன்று' என்று போடுவார்கள். காப்பியடித்து மாட்டியவனுக்கும் அதுதான். என் மகளுக்கு 'திருப்தி' என்று போட்டிருந்தார்.

எனக்கு மிச்சமிருந்த தயக்கமும் அந்தப் படியிலேயே போய்விட்டது. நேராக ஆபீஸுக்குப் போய், டைம்டேபிளை ஜனவரி காலண்டரோடு பெற்றோர் எல்லோருக்கும் போனில் அனுப்பச் சொன்னேன். ஆபீஸ் அண்ணா கையெழுத்தைப் பார்த்தார், அனுப்பிவிட்டார்.

மெல்போர்னில் மகளைச் சேர்க்கப் போன இடத்தில் ஒரு பெண்மணி தடுப்பூசி அட்டையையும் பழைய ரிப்போர்ட் கார்டையும் கேட்டு வாங்கினார். டி.சி.யை நான் நீட்டினேன். அது என்ன என்று விசாரித்தார். விளக்கினேன். தேவையில்லை என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தத் தாளுக்காகவா ஏழு நாள் வாயை மூடிக்கொண்டு மாடி ஏறினேன் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தாம்பரத்தில் பள்ளி திறந்த வாரத்திலிருந்து, என்னோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்து சாப்பிட்ட சயின்ஸ் மிஸ் போன் செய்ய ஆரம்பித்தாள். அவள் பள்ளி விட்டு பஸ்ஸில் ஏறியதும் கூப்பிடுவாள்.

"ஏய், என்னடி பண்ணி வெச்சிருக்க? பிரின்சிபால் பேரு எட்டு சி-ல இருக்கு!"

"அவங்கதான் சைன் பண்ணாங்க."

முதல் இரண்டு நாள் வேறு யாரையோ அனுப்பினார்களாம். கோல்டு மெடல் வாங்கிய பிரின்சிபாலே பாடம் எடுக்கப் போகிறார் என்று சந்தோஷப்பட்ட பெற்றோர் சிலர், அவர் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று மூன்றாம் நாள் கேட்டு வந்தார்களாம். டைம்டேபிளை மாற்றச் சொல்லி நான்கு டீச்சர்களை உட்கார வைத்தார்களாம். ஒரு கட்டத்தை நகர்த்தினால் பதினாலு வகுப்பு மோதுகிறதாம். நான்காம் நாள் அவரே மூன்று மாடி ஏறினாராம்.

"காரணிப்படுத்துதல்ல தப்பு போட்டுட்டாங்கடி. ஒரு பொண்ணு எழுந்து, மேடம் அங்க மைனஸ் வரணும்னு சொல்லிட்டா. கிளாஸே சிரிச்சுடுச்சு. மேடம் முகத்தப் பாக்கணுமே!"

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னாள். மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அன்று இரவு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தனியாகச் சிரித்தது என் மகளுக்கே விநோதமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி முழுவதும் அந்த போனுக்காகக் காத்திருந்தேன். பிரின்சிபாலுக்குத் தொண்டை கட்டிவிட்டது, புடவையெல்லாம் சாக்பீஸ் தூள், மாடியில் மூச்சு வாங்கி நின்றார் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் எனக்கு இனித்தது. பிறகு மார்ச்சில் பேச்சு மாறியது.

"ஒண்ணு சொல்லவா? எட்டு சி பசங்களுக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. லஞ்ச்ல தனியா உட்காந்து அடுத்த பாடத்தப் போட்டுப் பாத்துட்டுத்தான் போறாங்க. நேத்து மீட்டிங்ல, 'மத்தியானம் அந்த ரூம்ல நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு இப்பதான் தெரியுது'ன்னாங்க. மொட்டை மாடிக்குக் கூரை போடப் போறாங்களாம்."

நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன்.

"கேட்டியா? நீ செஞ்சது நல்லதாத்தான் முடிஞ்சுது."

"நான் நல்லதுக்குச் செய்யல" என்றேன். "அந்தம்மா திருந்தணும்னு எவ கேட்டா?"

"ஏண்டி இப்படி? பழசையெல்லாம் விட்டுடேன்."

"வராண்டாவுல உட்காந்தது உன் பொண்ணு இல்ல."

அவள் பஸ் சேலையூர் தாண்டியிருக்க வேண்டும், இரைச்சலில் அவள் சொன்ன பதில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மாறியிருக்க மாட்டேன்.

ஏப்ரலில் எட்டு சி பிள்ளைகள் கணக்கில் நன்றாகச் செய்தார்கள் என்று தெரிந்தது. என் பழைய வகுப்பு அது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. என்னிடம் படித்தபோது அவர்கள் அவ்வளவு மார்க் வாங்கியதில்லை என்பதும் அந்த எரிச்சலில் சேர்ந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் பிரின்சிபாலிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. நலம் விசாரித்திருந்தார். புது வருடத்து டைம்டேபிளைப் போட யாருக்கும் வரவில்லை, வீடியோ காலில் ஒருநாள் உட்கார்ந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். எட்டு சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வேண்டுமென்றே செய்தது அவருக்குத் தெரியுமா, இல்லையா என்பதும் அதில் தெரியவில்லை. என் மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

மகளிடம் காட்டினேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே படித்தாள்.

"என்னம்மா பண்ணப் போற?"

"நீ சொல்லு. உன்னத்தானே வெளிய உட்கார வெச்சாங்க."

போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு அவங்க வேணாம். நீ ஹெல்ப் பண்ணா பண்ணு, பண்ணலேன்னா போ. ஆனா டெய்லி அதையே பேசாதம்மா. பசிக்குது."

அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தச் செய்தியை நீக்கினேன். பதில் போடவில்லை. அந்த ஜூனில் அங்கே முதல் மூன்று வாரம் எந்த வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் கிடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். தமிழ் ஐயாவை மூன்றாவது மாடிக்குப் போட்டுவிட்டார்களாம். அவரை நினைத்து வருந்தினேன். பிரின்சிபாலை நினைத்து அல்ல.