கையை இறக்காத ரமணி

மறதி ஒரு வரம் என்பார்கள். பினாங்கு டத்தோ கிராமாட்டில் நான்காவது மாடி வீட்டில் குடியிருக்கும் ரமணிக்கு அந்த வரம் கொடுத்துவைக்கவில்லை. ஆறாம் ஆண்டு படிக்கையில் தன் பென்சில் பெட்டியை உடைத்தவளின் கல்யாணத்துக்கு, பதினாறு வருடம் கழித்து, உடைந்த பென்சில் பெட்டி ஒன்றையே மினுக்குத் தாளில் சுற்றிப் பரிசளித்தவள் அவள். கட்டிக்கொண்ட தயாளன் லாரி ஓட்டுநர், சாது. இவளுக்குக் கோபம் வந்தால் கடைக்குப் போய்விடுவார். அங்கிருந்து போன் போட்டு, அடங்கிவிட்டதா என்று மகள் ரூபினியிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

இருபத்து மூன்று வருடமாக ரமணி காலையில் ஃபெரி ஏறிக் கடல் தாண்டி, மாக் மண்டினில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். நின்றே செய்கிற வேலை. அங்கே அவளிடம் வாலாட்டியவர்கள் யாரும் இல்லை, போன வருடத்துத் தைப்பூசம் வரைக்கும்.

அந்தப் பூசத்துக்கு இரண்டு மாதம் முன்பு தயாளனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. பன்னிரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தார். பிழைக்க வை, உன் ரதத்துக்கு முன்னால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று ரமணி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கோவில் வாசல் மிதிக்கக் கூடாது. பூசத்துக்கு முந்தின நாள், வெள்ளி ரதம் வீதிக்கு வரும் செட்டிப்பூசத்தன்று அவள் கிளம்பியபோது அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். கோவிலுக்குள்தானே போகக் கூடாது, ரோட்டில் நிற்க யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனது கும்பிட இல்லை, சண்டை போட. வீதி நெடுகத் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் தன் நூற்றெட்டையும் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையில் அடித்து உடைத்தாள். தலைமுடி அவிழ்ந்து இடுப்புவரை விழுந்தது. அழுதுகொண்டே கத்தினாள்.

"ஒனக்கு வெள்ளி ரதம் ஒரு கேடாடா முருகா? என் புருஷன ஏத்திக்கிட்டுப் போனது ஆம்புலன்ஸ்டா!"

இதை ஒருவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சுதர்சன் என்று பெயர், சென்னைப் பையன். நாடு நாடாகப் போய்த் திருவிழாக்களைப் படமெடுத்து யூடியூபில் போடுவது அவன் பிழைப்பு. அந்த அழுகையை நாற்பது வினாடியாக வெட்டி, தவில் சத்தமும் கோமாளி இசையும் சேர்த்து, 'முருகனை மிரட்டிய பினாங்கு அக்கா' என்று தலைப்பு வைத்துப் போட்டான். முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

பிறகு ரமணி போன இடமெல்லாம் ஆம்புலன்ஸ்தான். தொழிற்சாலையில் அவள் நடந்தால் யாரோ பின்னாலிருந்து சைரன் சத்தம் கொடுப்பார்கள். பாசாரில் மீன் வெட்டுகிறவன்கூட அந்த வரியைச் சொல்லிச் சிரித்தான். ரூபினி அவளோடு வெளியே வருவதை நிறுத்தினாள். முடியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ரமணி முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டாள். இதெல்லாம்கூடப் போகட்டும். தயாளனை நினைத்து அழ உட்கார்ந்தால் அந்தக் கோமாளி இசை காதில் கேட்டது, அழுகை அப்படியே நின்றுபோனது. புருஷனுக்காக அழுகிற அழுகையையும் அந்தப் பாவி பிடுங்கிக்கொண்டான்.

எடுத்துவிடச் சொல்லி அவனுக்கு மூன்று முறை எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது. பொது இடத்தில் எடுத்ததுதானே அக்கா, பெருமைப்படுங்கள் என்றிருந்தது, கும்பிடும் கைப் படம் ஒன்றும் கூடவே. அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவளுக்கு ஒரே வேண்டுதல்தான். அவனை என் கண்ணில் காட்டு.

இந்த வருடம் முருகன் காட்டினான். பினாங்குப் பூசத்துக்கு மறுபடியும் வருகிறேன் என்று சுதர்சனே அறிவித்திருந்தான். ரமணி சாக்கில் ஐம்பது தேங்காயும் பையில் ஒரு பழைய சிலிப்பரும் எடுத்துக்கொண்டாள். நடுரோட்டில் நாலு பேர் பார்க்க அவன் கன்னத்தில் வைப்பது என்பதுதான் திட்டம்.

ரதம் வருவதற்கு அரைமணி நேரம் இருந்தது. அவள் தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருக்கையில் அவனே பல்லைக் காட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் போனதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

"அக்கா, ஒரு ஹெல்ப். நான் தேங்காய் உடைக்கிறதை லைவ் போடணும். இதைப் பிடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் கட் பண்ணிடாதீங்க."

கைப்பேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளுடைய தேங்காயையே எடுத்தான். ரமணி சிலிப்பரை மறந்தாள். இவனை அடிக்க முருகன் வேறு எதையோ கையில் கொடுக்கிறான் என்று பட்டது. ஆனாலும் பகைவனுக்கும் முறை முறைதான்.

"காலணியக் கழட்டுங்க தம்பி. சும்மா ஒடைக்கக் கூடாது. யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு ஒடைக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான். அவள் தேங்காய்மேல் சூடம் ஏற்றிக் கொடுத்தாள். முதல் தேங்காயைக் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உடைத்தான். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. ஐந்தாவதை ஓங்கியவன் அப்படியே நின்றான். பிறகு, யாரோ முதுகெலும்பை உருவிவிட்டதுபோல, ஓடுகளுக்கு நடுவில் தேங்காய்த் தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தான்.

"கூப்பிட்டியேம்மா... எடுக்கலையேம்மா. வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேம்மா..."

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மூக்கு ஒழுகியது. அம்மா கடைசி நேரத்தில் அழைத்ததும் இவன் எடுக்காமல் விட்டதும் அவன் வாயிலிருந்தே துண்டு துண்டாக வந்தது. பதினோராயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரமணிக்குத் தெரியாத அழுகையா அது? கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. கட்டைவிரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், படம் நின்றுவிடும். விரல் அந்தப் பக்கம் நகர்ந்தது. ஆம்புலன்ஸ் சைரன் ஞாபகம் வந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக் கையை அசையாமல் வைத்துக்கொண்டாள். பழி வாங்குகிறவளுக்குக் கை ஆடக் கூடாது.

கோவில் தொண்டர்கள் அவனை ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். நாதஸ்வரம் நெருங்கி வந்தது. வெள்ளி ரதம் அவன் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து போனது. சுற்றிலும் எல்லாக் கைகளும் தலைக்குமேல் குவிந்தன. ரமணியின் இரண்டு கைகளும் கைப்பேசியில் இருந்தன. ரதம் வளைவில் மறைந்த பிறகுதான், இந்த வருடமும் தான் கும்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அழுது முடித்த சுதர்சன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக நிறுத்தினான்.

"ஏன்க்கா நிறுத்தல?"

"பொது இடத்துல எடுத்ததுதான தம்பி. பெருமைப்படுங்க."

தான் எழுதிய வாக்கியத்தை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. வெட்டிய முடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் அவள் கண்ணெதிரிலேயே அவளுடைய காணொளியை அழித்தான். தன்னுடையதையும் அழித்தான். மன்னிச்சிடுங்க என்று முணுமுணுத்தான்.

சாலையில் சனங்கள் குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூறைத்தேங்காய் உடைத்தவனுக்குச் சொந்தமில்லை, எடுத்தவனுக்குச் சொந்தம். ரமணி அவர்களைக் காட்டினாள்.

"ஒடைக்கிற வரைக்கும்தான் நம்ம கையில லா. அப்புறம் ஊர்க்காரன் பொறுக்கிக்குவான். என்னோடதப் பொறுக்கலையா?"

சிலிப்பரைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தேவைப்படவில்லை.

பூச விடுமுறை முடிந்து காலை ஃபெரியில் ஏறியபோது, கூட வேலை பார்க்கும் பிரமிளா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சைரன் சத்தம் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அக்கா, இதைப் பார்த்தீர்களா என்று கைப்பேசியை நீட்டினாள். அவன் அழிப்பதற்கு முன்பே யாரோ அந்த லைவைப் பொறுக்கிவிட்டிருந்தார்கள். சுதர்சன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பின்னணியில் அதே தவில், அதே கோமாளி இசை. பிரமிளா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள் ரமணி.

இரண்டாம் தடவையில் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவுக்கு, வெள்ளி ரதம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சமாக முருகன் இருந்தான். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் குவித்தாள்.

"காட்டிட்டியே, அது போதும்" என்றாள்.