பன்னிரண்டு ஆண்ட்ராய்டும் ஒரு பிளக்கும்

மூன்று மணிக்கு டெமோ. இரண்டே முக்காலுக்கு என் சர்வரில் ஓர் ஆண்ட்ராய்டுகூட எழும்பவில்லை. இருபத்தாறு வருடமாக சர்வர் பார்க்கிறவள் நான். அன்று நான் போட்ட சத்தம் மார்த்தாண்டம் மேம்பாலம் வரை கேட்டிருக்கும். யாரைப் பார்த்துப் போட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

1. வீங்கிய போன்கள்

மற்றவர்கள் எழுதுகிற மொபைல் ஆப்களைச் சோதித்து, தப்பு கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வேலை. முதலாளி ஷாகுல், தேங்காப்பட்டணத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இதைத் தொடங்கினார். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர்கள் வீட்டு வழக்கப்படி அண்ணன் என்கிற அர்த்தத்தில் நான் காக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். சண்டையிலும் அந்த மரியாதை குறையாது.

முதலில் பன்னிரண்டு நிஜப் போன்களை எப்போதும் சார்ஜில் போட்டு வைத்திருந்தோம். பேட்டரிகள் உளுந்தவடைபோல வீங்கின.

"காக்கா, ஒரே ஒரு லினக்ஸ் சர்வர் வாங்கித் தாருங்க. பன்னிரண்டு ஆண்ட்ராய்டையும் அதுக்குள்ள கன்டெய்னர்ல ஓட்டிக் காட்டுகேன்" என்றேன்.

"பன்னிரண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிடாதா மேடம்?"

"தனித்தனி ரூமு, ஒரே அடுக்களை. அடிச்சுக்கிட வழியில்லை."

அடுக்களை என்று நான் சொன்னது லினக்ஸின் மையமான கர்னலை. எல்லா கன்டெய்னருக்கும் லினக்ஸ் கர்னல் ஒன்றுதான். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சர்வர் வந்துவிட்டது.

2. நாளைக்கு எழுதலாம்

முதல் கன்டெய்னரை ஏற்றினேன். கன்டெய்னர்களை ஓட்டுகிற டாக்கர் 'ஓடுகிறது' என்றது. பத்து நொடியில் பார்த்தால் ஆளைக் காணோம். சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லாகைப் புரட்டினால் காரணம் தெரிந்தது. ஆண்ட்ராய்டுக்குள் ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசுவதற்கு 'பைண்டர்' என்று கர்னலோடு சேருகிற ஒரு மோட்யூல் வேண்டும். போனில் அது கூடவே வரும். எங்கள் சர்வரில் நாங்கள்தான் ஏற்ற வேண்டும்.

மாட்புரோப் என்று ஒரே வரி அடித்து ஏற்றினேன். ஆண்ட்ராய்டு எழும்பிவந்து திரையில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினேன். சர்வர் அணைந்து திரும்ப எழும்பும்போது பைண்டர் தானாக ஏற வேண்டுமானால் அதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். சர்வர் நாற்பது நாள் நிற்காமல் ஓடியது. "அப்டைம் நாற்பது நாள்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கோப்பு நினைவுக்கே வரவில்லை.

இதற்கிடையில் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி, வேலை தருவதற்கு முன் எங்கள் ஏற்பாட்டை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னது. எங்கள் டெஸ்டர் ஷீபாவுக்கு அது சாதாரண டெமோ இல்லை. கொச்சி வேலை வந்தால்தான் அவளுக்கு இங்கே தொடர்ந்து சம்பளம். பெங்களூரில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. இரண்டு வயது மகளை இங்கே அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"அக்கா, இந்த வேலை கெடச்சா நான் மோளை விட்டுட்டுப் போவண்டாம். கெடைக்கல்லேன்னா திங்கக்கிழமை பஸ் ஏறணும்" என்றாள். "பன்னிரண்டும் நான் பாத்துக்கிடுகேன், நீ சும்மா இரு" என்று வாக்குக் கொடுத்தேன்.

3. இடி

எங்கள் மாவட்டத்தில் ஐப்பசி மதியங்களில் மலைப்பக்கம் இடி உறுமினால் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான் நடக்கும்: டிவி, பிரிட்ஜ், மோடம், எல்லாப் பிளக்கையும் ஊரி, அதாவது பிடுங்கி, போடுவது. சோற்றில் கை வைத்தவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள். இதில் காக்காவை மிஞ்ச ஆளில்லை. 'தொடாதீர்' என்று சர்வர் பிளக்கின்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன்.

டெமோ நாளன்று நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஆபீஸே இருட்டாக இருந்தது. காக்கா நடுவில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஊரியாச்சு மேடம். சர்வரையும்தான்."

"அதுக்குத்தான் யூபிஎஸ் இருக்கே காக்கா!"

"யூபிஎஸ்ஸை இடி வெட்டாதா பின்னே?"

இடி ஓய்ந்ததும் மாட்டினோம். சர்வர் எழும்பியது. ஆண்ட்ராய்டுகள் எழும்பவில்லை. அப்போதுதான் நான் அந்தச் சத்தத்தைப் போட்டேன். "எத்தனை தடவ சொன்னேன் தொடாதீங்கன்னு? ஷீபாவுக்க பொழப்பையே ஊரிட்டியளே!" காக்கா முகம் சுண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கத்திக்கொண்டே லாகைத் திறந்தேன். பைண்டர் இல்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அதே நேரத்தில் கொச்சிக் கம்பெனியிலிருந்து டெமோ பார்க்க வந்த அம்மாவும் வாசலில் வந்து நின்றார். பெயர் பிந்து, ஐம்பது வயதிருக்கும். மறைக்க வழியில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. "பிளக்கை ஊரினது அவரு. ஆனா தப்பு எனக்கது. தானா ஏற வேண்டியதை எழுதி வைக்க மறந்துட்டேன். அஞ்சு நிமிஷம் தாருங்க" என்றேன். காக்காவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கோப்பில் எழுதினேன். பைண்டரை ஏற்றி, எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டினேன். பிந்து தலையாட்டிவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "நல்லாயிருக்கு. எங்க ஊர்லயும் இடி உண்டு. இன்னும் ஒரு பிராவசியம் ஊரிக் காட்டுங்க."

காக்கா என்னைப் பார்த்தார். "ஊருங்க காக்கா" என்றேன். ஊரி, மாட்டினார். சர்வர் எழும்ப நாலு நிமிடம் ஆனது. ஷீபா சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒன்று, இரண்டு என்று பதினொன்று எழும்பின. பன்னிரண்டாவது வரவில்லை.

"அதும் எனக்க தப்புதான்" என்றேன். "காலையில அவசரத்துல உண்டாக்கினது. தானா திரும்பத் தொடங்கணும்னு சொல்லாம விட்டுட்டேன்." அதையும் சரிசெய்தேன். பிந்து சிரித்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார்.

4. சனிக்கிழமை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை நம்பாதீர்கள். அணைந்து எழும்பிய சர்வரை நம்புங்கள். எத்தனை நாள் நிற்காமல் ஓடியது என்று பீற்றிக்கொள்வது, எத்தனை நாள் சோதிக்காமல் விட்டோம் என்று சொல்வதுதான். கத்துவதாக இருந்தால் லாகைப் படித்துவிட்டுக் கத்துங்கள். பெரும்பாலும் கத்த வேண்டியிருக்காது.

சனிக்கிழமை பிந்து கூப்பிட்டார். காக்கா ஸ்பீக்கரில் போட்டார். "வேலை உங்களுக்குத்தான். எங்க ஆபீஸ்ல ஒண்ணு கெட்டா, யார் கெடுத்ததுன்னு கண்டுபிடிக்கவே மூணு நாள் ஆகும். உங்ககிட்ட அஞ்சு நிமிஷம்கூட ஆகல்லே" என்றார்.

நான் காக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஷீபா பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பெட்டியில கட்டி வச்ச துணியை எடுத்து வெளிய வையி. நான் எங்கயும் போவல்லே."